நகராட்சி மீது வழக்கு வந்தால் பணம் கட்டுவது யார்? கூட்டுக் காப்பீட்டு நிதியம் ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் ஏதோ ஒரு சிறிய நகராட்சி பல லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தால், உடனே இரண்டு விதமாகப் பேச்சு கிளம்பும். "இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும், ஊருக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள் சிலர். "எல்லாம் கடைசியில் வரி கட்டுகிறவர் தலையில்தான்" என்பார்கள் வேறு சிலர். முதல் பேச்சில் கம்பெனி என்ற சொல்லே பல நேரம் பொருந்தாது. இரண்டாவதில், எந்த ஊர்க்காரர் தலையில், எந்த ஆண்டில், எவ்வளவு என்ற கேள்விகள் எல்லாம் விடுபட்டுப் போகின்றன.

அந்த நாட்டில் சுமார் 90,000 உள்ளாட்சி அமைப்புகள் உண்டு. நகராட்சி, கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), பள்ளி மாவட்டம், குடிநீர் மாவட்டம், தீயணைப்பு மாவட்டம் (அந்தந்த ஒரு வேலையை மட்டும் கவனிக்கும் தனி அமைப்புகள்) எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இவற்றில் பெரும்பாலானவை, ஏதாவது ஒரு வகைக் காப்பீட்டுக்காவது, தங்களைப் போன்ற மற்ற அமைப்புகளோடு சேர்ந்து ஒரு பொது நிதியில் அங்கம் வகிக்கின்றன. துறைக்காரர்கள் அதை ரிஸ்க் பூல் என்பார்கள். இங்கே நிதியம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். நிதியத்தில் சேரும் ஊர், காப்பீடு பெறுகிற இடத்திலும் இருக்கிறது. காப்பீடு கொடுக்கிற இடத்திலும் இருக்கிறது. இதை மறந்து பேசும்போதுதான் குழப்பமெல்லாம் வருகிறது.

## பத்து வேன்களும் ஒரு பொதுப் பணமும்

சொந்த வேன் வைத்து ஓட்டும் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய விபத்து எப்போதாவதுதான் நடக்கும். நடந்தால், அந்த ஒருவரின் பல வருடச் சேமிப்பு ஒரே நாளில் காலி. அதனால் பத்துப் பேரும் கூடி, ஆண்டுக்கு ஆளுக்கொரு தொகை போட்டு வைக்கிறார்கள். யாருக்கு விபத்து நடந்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

சரி, முதல் கூட்டத்திலேயே கேள்விகள் வரும். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அதற்கும் பொதுப் பணமா? தினமும் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவரும் வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறவரும் ஒரே தொகையா கட்டுவது? ஒருவர் மட்டும் வருடாவருடம் எங்காவது இடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது? ஒரே ஆண்டில் மூன்று பெரிய விபத்துகள் நடந்து பணம் தீர்ந்துபோனால்? விபத்தே இல்லாத ஆண்டில் மிஞ்சும் பணத்தைப் பிரித்துக்கொள்வதா, அப்படியே வைத்திருப்பதா?

நிதியத்தின் விதிமுறைகள் எத்தனை பக்கம் இருந்தாலும், இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் அவை. வேன்களை விட்டுவிட்டு ஊர்களுக்கு வருவோம்.

## சராசரி குறையாது, அதிர்ச்சி குறையும்

ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊருக்கு ஒரு ஆண்டில் 10 லட்சம் டாலர் தீர்ப்பு வரும் வாய்ப்பு 100இல் 1. சராசரி பார்த்தால் ஆண்டுக்கு 10,000 டாலர். அது தாங்கக்கூடிய தொகைதான். ஆனால் அந்தச் சராசரி ஒரு நாளும் அந்த ஊரின் கணக்குப் புத்தகத்தில் வராது. ஒன்று செலவு பூஜ்யம். இல்லாவிட்டால் 10 லட்சம். 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது அந்த 10 லட்சம் வந்து நிற்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். மொத்த ஆண்டு வரவுசெலவே 20 லட்சம் டாலராக இருக்கும் சிற்றூருக்கு அது சாலைப் பராமரிப்பையும் நூலகத்தையும் ஊழியர் சம்பளத்தையும் ஒன்றாக விழுங்கிவிடும்.

இதே போன்ற 100 ஊர்கள் சேர்ந்து ஆளுக்கு 10,000 டாலர் போட்டால் 10 லட்சம் திரளும். ஆண்டுக்குச் சராசரியாக ஒரு தீர்ப்பு வரும், பணம் போதும். கவனித்துப் பாருங்கள், எல்லா ஊர்களின் மொத்தச் செலவு ஒரு டாலர்கூடக் குறையவில்லை. குறைந்தது, தனித்தனி ஊர் சந்திக்கும் ஏற்ற இறக்கம் மட்டும். எப்போது வருமென்று தெரியாத பெரிய அடியை, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் எழுதி வைக்கக்கூடிய சிறிய தொகையாக ஊர் மாற்றிக்கொள்கிறது.

"கூட்டாகச் சேர்ந்தால் செலவு குறையும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இதனால்தான் சரியில்லை. கொஞ்சம் மிச்சமாவது உண்மைதான். அதற்குக் காரணங்கள் வேறு. பங்குதாரருக்கு லாபம் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் பிடிக்கும் செலவு குறைவு. கையிருப்பின் மீது கிடைக்கும் வட்டி உறுப்பினர்களுக்கே சேருகிறது. நகராட்சி வழக்குகளை மட்டுமே ஆண்டுக்கணக்கில் நடத்திப் பழகிய வக்கீல்கள் கிடைக்கிறார்கள். இவை எல்லாம் கூடுதல் பலன்கள். அடிப்படை வேலை, அதிர்ச்சியைப் பரப்பிவிடுவது.

100 ஊர்கள் சேர்ந்தாலும் ஆட்டம் முழுதாக அடங்கிவிடாது. மேற்படி கணக்கில் ஒரு தீர்ப்பும் வராத ஆண்டுக்கு வாய்ப்பு சுமார் 37 சதவீதம். மூன்றோ அதற்கு மேலோ வரும் ஆண்டுக்குச் சுமார் 8 சதவீதம். திரட்டியது 10 லட்சம், தேவையோ 30 லட்சம் என்ற நிலை ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை வரலாம்.

இன்னொரு பலவீனமும் உண்டு. எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் அடி விழாது என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. ஒருவர் நடைபாதையில் தடுக்கி விழுவதற்கும், வேறோர் ஊரில் குப்பை லாரி மோதுவதற்கும் தொடர்பில்லை. நிலநடுக்கமும் புயலும் அப்படி அல்ல. நியூசிலாந்து உள்ளாட்சிகள் நிலத்தடிக் குழாய்கள் போன்றவற்றைக் காக்க 1993இல் ஒரு கூட்டு நிதி தொடங்கின. 2010, 2011 கேன்டர்பரி நிலநடுக்கங்களில் அதன் இருப்பு பெருமளவு கரைந்துபோனது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஊர்கள் சேர்வதால் இழப்பு மறைவதில்லை, பரவுகிறது. பரவிய பிறகும் நிதியத்துக்கே மோசமான ஆண்டுகள் வரும். அவற்றுக்கும் தனியாக வழி செய்ய வேண்டும்.

## அமெரிக்க ஊர்கள் ஏன் இந்தப் பக்கம் வந்தன

நெடுங்காலம் அமெரிக்க நகரங்களுக்கு வழக்குகளிலிருந்து காத்துக்கொள்ளும் காப்பீடு பெரிதாகத் தேவைப்படவில்லை. அரசின் சம்மதம் இல்லாமல் அதன் மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்ற பழைய கோட்பாடு, உள்ளாட்சிகளுக்கும் பெருமளவு கவசமாக இருந்தது. 1961இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஒரு பொது மருத்துவமனையில் விழுந்து அடிபட்ட நோயாளி தொடர்ந்த மஸ்கோப் வழக்கில், அந்தக் கவசம் இனி செல்லாது என்றது. வேறு பல மாநிலங்களும் அடுத்தடுத்து அதைத் தளர்த்தின. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மோனெல் வழக்கில், ஒரு நகரின் கொள்கையோ வழக்கமோ ஒருவரின் அரசியல் சாசன உரிமையைப் பறித்தால் நகரத்தின் மீதே வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. 1980இல் ஓவன் வழக்கில், நல்லெண்ணத்தோடுதான் செய்தோம் என்று சொல்லி நகரம் தப்பித்துக்கொள்ள முடியாது என்றது.

சாதாரண மனிதருக்கு இது பெரிய வெற்றி. உடைந்த நடைபாதைக்கும் அத்துமீறிய போலீஸ் அடிக்கும் கணக்குக் கேட்க ஒரு வழி பிறந்தது. ஊர்களின் பக்கம் பார்த்தால், இல்லாத ஒரு செலவு திடீரென முளைத்தது.

அதே சமயம் காப்பீட்டுச் சந்தை தன் வழியில் ஓடிக்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் வட்டி விகிதம் மிக உயரம். பிரீமியத்தை முதலீடு செய்தாலே நல்ல வருமானம் என்பதால், கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்து பாலிசி விற்றன. பிறகு வட்டி இறங்கியது, கிளெய்ம்கள் ஏறின. 1985, 1986 வாக்கில் நிலைமை தலைகீழ். பிரீமியம் பல மடங்கு ஏறியது. பல நகரங்களின் பாலிசிகள் நடு ஆண்டிலேயே ரத்தாயின. ஒரு கிளெய்ம்கூடக் கொடுக்காத ஊர்களுக்கும் இதே கதிதான். காப்பீடு இல்லாமல் நீச்சல் குளத்தையும் விளையாட்டுத் திடலையும் திறந்து வைக்க ஊர்கள் பயந்தன.

நிதியங்கள் அதற்கு முன்பே இருந்தன. டெக்சாஸ் நகராட்சிகள் ஊழியர் விபத்து இழப்பீட்டுக்காக 1970களிலேயே ஒன்று வைத்திருந்தன. ஆனால் அந்த யோசனை நாடு முழுக்கப் பரவியது 1980களின் நெருக்கடியில்தான். மாநிலங்களின் நகராட்சிச் சங்கங்கள் நடத்தும் நிதியங்களுக்குப் பின்பலமாக நிற்க, என்எல்சி மியூச்சுவல் என்ற நிறுவனம் 1986இல் உருவானது. ஊர்கள் காப்பீட்டுத் தொழிலில் ஆசைப்பட்டு இறங்கவில்லை. கதவு சாத்தப்பட்டதால் தாங்களே ஒரு கூரை போட்டுக்கொண்டன.

## ஒரு தீர்ப்பின் பணம் எங்கெங்கிருந்து வருகிறது

ஒரு நகராட்சி லாரி மோதி ஒருவர் படுகாயம் அடைகிறார். இழப்பீடு 40 லட்சம் டாலர் என்று முடிவாகிறது. இந்தத் தொகை ஒரே இடத்திலிருந்து வராது, அடுக்கடுக்காக வரும். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

முதல் அடுக்கு ஊரின் சொந்தப் பொறுப்பு. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 25,000 டாலரை ஊரே கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். சின்னச் சின்ன சேதத்துக்கெல்லாம் பொதுப் பணத்தில் கை வைக்காமல் இருக்க இது. தன் பையிலிருந்தும் போகிறது என்றால்தான் ஊரும் கவனமாக இருக்கும்.

இரண்டாம் அடுக்கு நிதியம். 25,000இல் தொடங்கி 10 லட்சம் வரை, அதாவது 9,75,000 டாலர், எல்லா ஊர்களும் போட்ட பணத்திலிருந்து போகிறது.

மூன்றாம் அடுக்கு மறுகாப்பீடு. காப்பீடு கொடுப்பவர் தன் பாரத்தில் ஒரு பகுதியை இன்னொருவரிடம் காசு கொடுத்து இறக்கி வைப்பதுதான் மறுகாப்பீடு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட 30 லட்சம் டாலரை அந்த நிறுவனம் கொடுக்கிறது. முன்னே பார்த்த மோசமான ஆண்டுகளில் நிதியத்தைக் கவிழாமல் காப்பதில் பெரும்பங்கு இந்த அடுக்குக்குத்தான்.

தீர்ப்பு மறுகாப்பீட்டின் உச்ச வரம்பையும் தாண்டினால், மிச்சம் மறுபடியும் அந்த ஊரின் தலையில் விழும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்கள் ஊர் நிதியத்தில் இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்தாமல், எந்த வரம்பு வரை என்றும் கேட்க வேண்டும்.

மறுகாப்பீட்டாளர்கள் பெரும்பாலும் உலகச் சந்தையில் இயங்கும் தனியார் நிறுவனங்கள். எங்கோ ஒரு பெரும்புயல் அவர்களை வாட்டினால் மறுகாப்பீட்டு விலை ஏறும். எந்தச் சேதமும் இல்லாத ஊரின் கட்டணமும் கூடவே ஏறும். சந்தையிலிருந்து விலகிவிட்டோம் என்று எந்த நிதியமும் முழுசாகச் சொல்ல முடியாது.

## யார் எவ்வளவு கட்டுவது

நிதியத்துக்கு ஊர் கட்டுவதைப் பிரீமியம் என்று சொல்வதைவிடப் பங்களிப்பு என்று சொல்வதே வழக்கம். கணக்கு இரண்டு படிகளில் நடக்கிறது.

முதலில் அளவு. ஊழியர் சம்பளப் பட்டியல், வாகனங்களின் எண்ணிக்கை, கட்டடங்களின் மதிப்பு, போலீஸ்காரர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்க்கிறார்கள். பொறுப்புக் காப்பீட்டுக்கு, அதாவது ஊரால் பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீட்டுக்கு, மக்கள்தொகையைவிடச் சம்பளப் பட்டியல்தான் பெரும்பாலும் அளவுகோல். வேலை செய்யும் ஆள் கூடக் கூடத் தவறு நேரும் வாய்ப்பும் கூடும் என்பது அதன் நியாயம்.

அப்புறம் வரலாறு. கடந்த சில ஆண்டுகளில் அந்த ஊரால் நிதியத்துக்கு எவ்வளவு செலவு என்று பார்த்து, தொகையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐந்தே ஊழியர்கள் உள்ள குடிநீர் மாவட்டத்தில் பத்து ஆண்டுகள் கிளெய்மே வரவில்லை என்றால், அது கவனமாக இருந்ததாலா, அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் ஊழியர்கள் உள்ள நகரத்தின் வரலாறு நிறையப் பேசும். அதனால் பெரிய ஊரின் வரலாற்றுக்கு எடை அதிகம், சின்ன ஊருக்குக் குறைவு. நாங்கள் சுத்தமாக இருந்தும் ஏன் பெரிய தள்ளுபடி இல்லை என்று சிற்றூர்கள் குறைபட்டுக்கொள்ளும். அதே விதிதான் அந்த ஊருக்கு ஒரு கெட்ட ஆண்டு வரும்போது அதன் கட்டணம் பல மடங்கு எகிறாமலும் தடுக்கிறது.

## கம்பெனியிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது

கம்பெனியிடம் பாலிசி வாங்கினால் ஒப்பந்தம் தெளிவு. பிரீமியம் கட்டியதோடு உங்கள் கடமை தீர்ந்தது. கம்பெனி தப்புக் கணக்குப் போட்டு நஷ்டப்பட்டால் அது பங்குதாரரின் பாடு.

நிதியத்தில் பங்குதாரர் என்று தனியே யாரும் இல்லை. உறுப்பினர்களின் நிதி அதிகாரிகளும் நகர மேலாளர்களும் கொண்ட குழுதான் பொதுவாக அதை ஆளுகிறது. கணக்குப் பிசகிப் பணம் போதாமல் போனால், பல நிதியங்களின் ஒப்பந்தப்படி உறுப்பினர்களிடம் மறுபடியும் பணம் கேட்கலாம். இதற்குக் கூடுதல் அழைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மாறாக, கிளெய்ம்கள் எல்லாம் தீர்ந்து பணம் மிஞ்சினால், அது உறுப்பினர்களுக்கே திரும்ப வரும்.

சட்டமும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. கலிபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 990.8ஆம் பிரிவு, உள்ளாட்சிகள் தங்கள் இழப்புகளைச் சேர்த்துச் சமாளிப்பதைக் காப்பீடாகக் கருதக் கூடாது என்றே சொல்கிறது. எனவே காப்பீட்டுக் கம்பெனிகளுக்கான ஒழுங்குமுறைகள் அங்கே அப்படியே பொருந்தாது. எல்லா மாநிலத்திலும் இப்படி அல்ல. சில இடங்களில் நிதியம் உரிமம் பெற்ற காப்பீட்டாளராகவே இயங்குகிறது. இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். தனியார் கம்பெனி திவாலானால் பாலிசிதாரருக்கு உதவ மாநிலங்களில் உத்தரவாத நிதி உண்டு. இந்த நிதியங்களுக்குப் பொதுவாக அந்தப் பாதுகாப்பு கிடையாது. உறுப்பினர்கள்தான் கடைசிப் பாதுகாப்பு.

சுருக்கமாக: கம்பெனியிடம் ஊர் பாரத்தை இறக்கி வைக்கிறது. நிதியத்தில் பாரத்தை மற்றவர்களோடு சேர்ந்து சுமக்கிறது.

## கையிருப்பில் தெரியும் பணம் யாருடையது

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிதியத்தின் ஆண்டறிக்கையில் 6 கோடி டாலர் சொத்து என்று இருக்கும். அந்த ஆண்டில் கிளெய்முக்குக் கொடுத்தது 80 லட்சம்தான் என்றும் இருக்கும். உடனே ஒரு நகர மன்ற உறுப்பினர் எழுந்து, "இவ்வளவு பணத்தைச் சும்மா வைத்துக்கொண்டு எங்கள் கட்டணத்தை ஏன் ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும்.

பொறுப்புக் காப்பீட்டில் சம்பவம் நடக்கும் நாளுக்கும் பணம் கைமாறும் நாளுக்கும் இடையே நீண்ட காலம் ஓடும். இந்த ஆண்டு நடந்த ஒரு போலீஸ் அத்துமீறல் வழக்காகி, விசாரணை, மேல்முறையீடு எல்லாம் முடிய ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அந்தச் செலவு சம்பவம் நடந்த ஆண்டின் கணக்கில்தான் சேரும். அந்த ஆண்டில் உறுப்பினராக இருந்த ஊர்கள் போட்ட பணத்திலிருந்துதான் போக வேண்டும். ஆகவே நிதியம் இரண்டு வகையாகப் பணத்தை எடுத்து வைக்கிறது. வந்து சேர்ந்து இன்னும் தீராத கிளெய்ம்களுக்கு ஒன்று. சம்பவம் நடந்துவிட்டது, ஆனால் கிளெய்ம் இன்னும் நிதியத்தின் காதுக்கே எட்டவில்லை என்ற வகைக்கு மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே ஒதுக்கீடு. 6 கோடியில் 5 கோடி இப்படி ஏற்கெனவே யாருக்கோ கொடுக்க வேண்டிய பணமாக இருக்கலாம்.

கண்ணுக்கே தெரியாத கிளெய்முக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கணிக்கிறவர் ஆக்சுவரி. காப்பீட்டுக்கான புள்ளியியல் கணிப்பாளர். பழைய ஆண்டுகளின் கிளெய்ம்கள் முதல் ஆண்டில் எவ்வளவாகத் தெரிந்தன, ஐந்தாம் ஆண்டில் எவ்வளவாக வளர்ந்தன என்று பார்த்து, அதே போக்கில் இந்த ஆண்டுக் கிளெய்ம்களும் வளரும் என்று கணக்கிடுகிறார். கடந்த காலம் வழிகாட்டாத இடத்தில் இந்தக் கணிப்பு தவறும். தவறினால் அடி பலமாக இருக்கும்.

பிரிட்டனின் முனிசிபல் மியூச்சுவல் இன்சூரன்ஸ் இதற்கு மறக்கக் கூடாத சாட்சி. அது அமெரிக்க பாணி நிதியம் அல்ல. உள்ளாட்சிகள் தங்களுக்காக 1903இல் தொடங்கிய காப்பீட்டு நிறுவனம். நாட்டின் மிகப் பெரும்பாலான உள்ளாட்சிகள் அதில் இருந்தன. நஷ்டம் முற்றி 1992இல் புதிய பாலிசி கொடுப்பதை நிறுத்தியது. பணம் போதாவிட்டால், பழைய கிளெய்ம்களுக்காகப் பெற்ற தொகையில் ஒரு பங்கை உள்ளாட்சிகள் திருப்பித் தர வேண்டும் என்று ஓர் உடன்பாடு 1994இல் ஏற்பட்டது. அது தேவைப்படாமலே போகலாம் என்று பலர் நம்பினார்கள். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்த ஊழியர்களுக்குப் புற்றுநோய் வந்துகொண்டே இருந்தது. தூசியைச் சுவாசித்த காலத்துக் காப்பீட்டாளரே பொறுப்பு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அந்த உடன்பாடு செயலுக்கு வந்தது. முதலில் 15 சதவீதம், பின்பு 25 சதவீதம் என்று உள்ளாட்சிகள் திருப்பித் தர வேண்டியிருந்தது. 1960களின் தூசிக்கு 2010களின் வரிப் பணம்.

கலிபோர்னியாவிலும் அப்படி ஒன்று நடந்தது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் காலக்கெடு கடந்தும் வழக்குத் தொடர, 2019இல் நிறைவேறிய ஒரு சட்டம் மூன்று ஆண்டு வாசலைத் திறந்தது. 2020 தொடக்கம் முதல் 2022 முடியும் வரை பல பத்தாண்டுப் பழைய சம்பவங்களுக்காகப் பள்ளி மாவட்டங்கள் மீது வழக்குகள் வந்தன. அந்த மனிதர்களுக்கு நீதி கேட்க வழி கிடைத்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முடிந்துவிட்டன என்று கணக்கு மூடிய ஆண்டுகள் திரும்பவும் திறந்தன. சில நிதியங்கள் அந்தக் கால உறுப்பினர்களிடம் கூடுதல் அழைப்பு விட வேண்டி வந்தது.

ஆகவே கையிருப்பைப் பார்த்துப் பங்கு கேட்பது, பெரும்பாலும் அடுத்தவருக்குப் போக வேண்டிய பணத்தைப் பங்கு கேட்பதாகும். உபரி என்று சொல்லத்தக்கது ஒதுக்கீடு போக மிஞ்சுவது மட்டுமே. அதிலும் ஒரு பகுதி, கணிப்பு தவறினால் தாங்கும் மெத்தையாக இருக்க வேண்டும்.

## அடுத்த ஊரின் அலட்சியம் நம் செலவு

பொதுப் பணம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு ஊர் கவனம் குறைந்தால், அதன் விலையை எல்லோரும் கட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் நிதியங்கள் பணம் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. நடைபாதைகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், சாக்கடைக் குழாய் அடைத்து வீட்டுக்குள் கழிவுநீர் ஏறாமலிருக்க எப்போது சுத்தம் செய்ய வேண்டும், ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் முன் எந்த வக்கீலைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கின்றன. 200 ஊர்களின் கிளெய்ம்களை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவருக்கு, தனி ஊருக்குத் தெரியாத போக்கு தெரியும். நிதியங்கள் செய்வதில் மிகப் பயனுள்ள வேலை என்று நான் நினைப்பது இதைத்தான். இழப்பைப் பரப்புவதைவிட நடக்காமல் தடுப்பது மேல்; முன்னே சொன்ன மொத்தச் செலவு உண்மையில் குறைவது இங்கேதான்.

சொல்லியும் கேட்காத உறுப்பினரை என்ன செய்வது? கட்டணத்தை ஏற்றலாம், சொந்தப் பொறுப்புத் தொகையை உயர்த்தலாம், திருந்துவதற்கு ஒரு திட்டமும் கெடுவும் கொடுக்கலாம். கடைசி வழி, வெளியேற்றுவது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள மேவுட் என்ற சிறு நகரத்தில் 2010இல் அதுதான் நடந்தது. அதன் காவல்துறை தொடர்பாகக் குவிந்த வழக்குகளால் அது காப்பீட்டை இழந்தது. நகர மன்றம் ஊழியர்கள் அனைவரையும் பணிநீக்கம் செய்து, சொந்தக் காவல்துறையைக் கலைத்து, அந்த வேலையைக் கவுன்ட்டியின் காவல் அமைப்பான ஷெரிப் துறையிடம் ஒப்படைத்தது. காப்பீடு இல்லாத ஊர் எவ்வளவு வேகமாக நின்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

## சேர்வதும் விலகுவதும்

தனியார் சந்தையில் விலை மலிவாகும்போதெல்லாம் நிதியத்துக்குச் சோதனைதான். கம்பெனி வந்து, கிளெய்ம் குறைவான ஊர்களாகப் பார்த்துக் குறைந்த விலை பேசும். நல்ல ஊர்கள் போய்விட்டால், மிஞ்சியவர்களின் சராசரிச் செலவு ஏறும். கட்டணம் ஏறியதும் அடுத்த நல்ல ஊர் கிளம்பும். அதனால்தான் பல நிதியங்கள் புதிதாகச் சேருபவர் குறைந்தபட்ச ஆண்டுகள் இருக்க வேண்டும் என்றும், விலகுவதானால் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கின்றன.

விலகிய ஊர் முழுசாக விடுபட்டுவிடாது. உறுப்பினராக இருந்த ஆண்டுகளின் கிளெய்ம்கள் தீரும்வரை, அந்த ஆண்டுகளுக்கான கூடுதல் அழைப்பு அதன் வாசலுக்கும் வரலாம். மலிவு விலை காட்டும் தாளில் இந்தப் பழைய பாக்கி இருக்காது.

## ஆண்டறிக்கையில் எதைப் பார்ப்பது

அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் தன் நகராட்சியோ பள்ளி மாவட்டமோ எந்த நிதியத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதன் அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்க்கலாம். பொது அமைப்பாக இயங்கும் நிதியங்களின் தணிக்கை அறிக்கைகள் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கின்றன. சொத்து எவ்வளவு என்பதைவிட, ஒதுக்கீடு போக மிஞ்சுவது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பழைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே வந்திருந்தால், முன்பு போட்ட கணக்கு குறைவு என்று பொருள், கட்டணம் ஏறப்போகிறது.

அடுத்தது நம்பிக்கை மட்டம். ஆக்சுவரியின் அறிக்கையில் 80 சதவீத நம்பிக்கை மட்டத்தில் பணம் இருக்கிறது என்று எழுதியிருந்தால், கிளெய்ம்கள் எப்படி விரிந்தாலும் பத்தில் எட்டு வாய்ப்பில் இந்தப் பணம் போதும் என்று பொருள். மீதி இரண்டு வாய்ப்பில் போதாது. அந்த இரண்டு வாய்ப்பில் யார் எந்தக் கணக்குப்படி கட்ட வேண்டும் என்பது, நிதியத்தில் சேரும்போது ஊர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், கூடுதல் அழைப்பு பற்றிய பிரிவில் எழுதியிருக்கும்.